பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தின் பத்தாவது பாடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுதொழில் செய்கிறவர்கள் முறையாகக் கணக்கு வைப்பதில்லை, அதனால்தான் வங்கியில் கடன் கேட்டால் கிடைப்பதில்லை என்று உங்கள் வணிகப் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார். சொன்னது உண்மைதான். ஆனால் கணக்கை எதில் வைப்பது, அதற்கு எவ்வளவு ஆகும், யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. நான் கணக்கு வைக்கும் குனுகேஷ் என்கிற கணினி மென்பொருளைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லலாம் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். இடம் போதாமல் வெட்டுவதானால் கடைசிப் பகுதியை மட்டும் விட்டுவையுங்கள், கோரிக்கை அங்கேதான் இருக்கிறது.

திருப்பூர் அங்கேரிபாளையம் பக்கம் ஒரு காஜா பட்டன் யூனிட் நடத்துகிறேன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பனியன் கம்பெனியில் தைத்து வரும் டி-சர்ட்டுக்குப் பட்டன் துளை போட்டு, பட்டன் வைத்துத் திருப்பி அனுப்புகிற வேலை. இரண்டு காஜா மெஷின், இரண்டு பட்டன் மெஷின், வேலைக்கு ஐந்து பேர். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. வருஷத்துக்கு 14 லட்சம் ரூபாய் வரை பில் போடுகிறோம். இப்படி அடுத்தவர் சரக்கில் கூலிக்குச் செய்யும் ஜாப் ஒர்க் என்பது சட்டப்படி சேவை. சேவைக்கு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். அதனால் அந்த வம்பு இன்னும் வரவில்லை.

என் கணவர் இருந்தவரை யூனிட்டின் கணக்கு அவர் சட்டைப் பையில் இருந்தது. 2019-ல் அவர் போனபின் அந்தச் சட்டைப் பை என் கைக்கு வந்தது. உள்ளே டெலிவரி சலான்கள், ஒரு குட்டி நோட்டு. நோட்டில் பெயர் இருக்கிறது, தொகை இருக்கிறது, தேதி இல்லை. யார் கொடுக்க வேண்டியது, யாருக்கு நாம் கொடுக்க வேண்டியது என்பதும் இல்லை. அவருக்கு அது மனப்பாடம். எனக்கு அதைப் பிரித்துப் புரிந்துகொள்ளவே எட்டு மாதம் ஆனது. நாங்கள் கொடுக்க வேண்டியதைக் கேட்டு எல்லோரும் வந்தார்கள். எங்களுக்குக் கொடுக்க வேண்டியவர்கள் ஒருவரும் வரவில்லை.

சரி, இனிமேல் ஒழுங்காக எழுதுவோம் என்று நீள நோட்டு ஒன்று வாங்கி நானே எழுதினேன். மாதக் கடைசியில் கூட்டிப்பார்த்தால் ஒருநாளும் ஒத்துப்போகாது. அப்புறம் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் பையன் ஒருவன் 800 ரூபாய்க்கு ஒரு கணக்கு மென்பொருளைப் போட்டுக்கொடுத்தான். அது திருட்டுப் பிரதி என்பது எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். தெரியும். எல்லோரும் அப்படித்தானே வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். 13 மாதம் ஓடியது. ஒருநாள் வைரஸ் என்று அவனே வந்து கம்ப்யூட்டரைத் துடைத்துவிட்டான், கணக்கும் சேர்ந்து போனது. யாரிடம் போய்க் கேட்பது? அதன்பின் கைப்பேசியில் ஒரு செயலி. இலவசம் என்றார்கள். ஆறாவது மாதம் பழைய கணக்கைப் பார்க்க வேண்டுமானால் சந்தா கட்டு என்றது. நடுநடுவே கடன் வேண்டுமா, கடன் வேண்டுமா என்று விளம்பரம் வேறு. என் கடன் நிலவரம் அதற்குத் தெரியும் அல்லவா, நான்தானே உட்கார்ந்து எழுதிக்கொடுத்தேன்.

இந்த நேரத்தில்தான் என் அக்கா மகன் வந்தான். 2016-ல் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி ஒன்று அவனிடம் சும்மா கிடந்தது. பேட்டரி செத்துப்போயிருந்தது. மின்சாரத்தில் செருகினால் ஓடும். அதில் லினக்ஸ் என்கிற இயங்குதளத்தைப் போட்டு, இந்தக் குனுகேஷையும் ஏற்றிக் கொடுத்தான். விண்டோஸிலும் ஆப்பிள் கணினியிலும்கூட ஓடுமாம். எவ்வளவு என்றேன், ஒன்றுமில்லை என்றான். முன்பு இலவசம் என்று சொன்னவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். இது அந்த இலவசம் இல்லை சித்தி, கட்டற்ற மென்பொருள் என்றான். யாரும் பயன்படுத்தலாம், நகல் எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம், உள்ளே இருக்கும் நிரலைத் திறந்து மாற்றவும் செய்யலாம் என்று உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. 1998-லேயே முதல் பதிப்பு வந்துவிட்டது. பல நாட்டு ஆட்கள் சேர்ந்து இன்றுவரை வளர்த்துக்கொண்டு வருகிறார்கள். திருட்டுப் பிரதி வைத்திருந்தவளுக்கு, நகல் எடுத்துக்கொடு என்று உரிமமே சொல்வது விநோதமாகத்தான் இருந்தது.

முதல் வாரம் மண்டை காய்ந்தது. மின்கட்டணம் 6,400 என்று எழுதினால் விடமாட்டேன் என்கிறது. பணம் எங்கிருந்து போனது என்று கேட்கிறது. வங்கியிலிருந்தா, கையிருப்பிலிருந்தா, கடன் வாங்கியா? சொல்லாமல் விட்டால் அந்தத் தொகையை 'இம்பேலன்ஸ் ஐ.என்.ஆர்.', அதாவது ஒத்துப்போகாத ரூபாய் என்று தனிக்கணக்கில் கொண்டுபோய்த் தள்ளிவிடும். முதல் மாதக் கடைசியில் என் வருமானத்தைவிட அந்தக் கணக்கு பெரிதாக இருந்தது. பிறகுதான் பிடிபட்டது. ஒரு ரூபாய் ஒரு இடத்துக்கு வந்தால் இன்னொரு இடத்திலிருந்து போயிருக்க வேண்டும், இரண்டையும் சொல்லாமல் எழுதவே முடியாது. இரட்டைப் பதிவு என்பது அவ்வளவுதான். என் அப்பா ஒரு பஞ்சு மில்லில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். பேரேடு, சிட்டை, ஐந்தொகை என்று அவர் பேசும்போதெல்லாம் காதில் வாங்காமல் இருந்திருக்கிறேன். அவர் பேரேட்டில் கையால் செய்ததைத்தான் இது தானாகச் செய்கிறது. ஒரு பக்கம் எழுதினால் மறுபக்கம் தானே ஏறிவிடுகிறது.

கணக்குத் தலைப்புகளைத் தமிழிலேயே வைத்துக்கொண்டேன். கையிருப்பு, வங்கி, பார்ட்டி பாக்கி (வேலை கொடுக்கும் கம்பெனிகள் எங்களுக்குத் தர வேண்டியது), வாரச் சம்பளம், நூல், பட்டன் ஊசி, கட்டட வாடகை, சீட்டு, வீட்டுக்கு எடுத்தது. கடைசி இரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கம் ஏலச்சீட்டு இல்லாத வீடு கிடையாது. ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு, 20 பேர், மாதம் 5,000. ஒரு மாதம் சீட்டு 20,000 தள்ளிப் போகிறது, அதாவது ஏலம் எடுப்பவர் அவ்வளவை விட்டுக்கொடுக்கிறார் என்று வையுங்கள். அதில் நடத்துபவர் கமிஷன் 5,000 போக மீதி 15,000-ஐ 20 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 750. அந்த மாதம் நான் கட்ட வேண்டியது 4,250 மட்டும். நோட்டில் 4,250 செலவு என்று எழுதுவேன், அதோடு சரி. ஆனால் சீட்டு செலவா? அது என் பணம், இன்னொருவரிடம் இருக்கிறது. குனுகேஷில் ஒரே பதிவை மூன்று வரியாகப் பிரிக்கலாம். சீட்டுக் கணக்கில் 5,000 ஏறுகிறது, வங்கியில் 4,250 இறங்குகிறது, மீதி 750 'சீட்டுத் தள்ளு' என்று வருமானத்தில் போகிறது. இருபது மாதமும் இப்படி எழுதிவந்தால், இந்தச் சீட்டில் கிடைத்தது எவ்வளவு, வங்கியில் போட்டிருந்தால் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். நான் பார்த்தேன். அடுத்த சீட்டில் சேரவில்லை. சீட்டு நடத்தும் அக்காவுக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்.

'வீட்டுக்கு எடுத்தது' இன்னும் மோசம். மாதம் 15,000 வீட்டுக்கு எடுக்கிறேன் என்றுதான் யார் கேட்டாலும் சொல்வேன், நானும் அதை நம்பினேன். மளிகை, ஸ்கூல் ஃபீஸ், மொய், கேஸ், கோயில் என்று அவ்வப்போது கல்லாவிலிருந்து எடுத்ததெல்லாம் அந்தத் தலைப்பில் போய் உட்கார்ந்துகொண்டே இருந்தது. மார்ச் 31 அன்று பார்த்தால் 3,12,000. யூனிட்டில் லாபமே இல்லை என்று மூன்று வருஷமாகப் புலம்பிக்கொண்டிருந்தேன். லாபம் இருந்திருக்கிறது. நான்தான் சாப்பிட்டுவிட்டேன்.

வங்கிக் கணக்கைச் சரிபார்க்க ஒரு வசதி இருக்கிறது. வங்கி கொடுக்கும் தாளில் கடைசியில் உள்ள இருப்பை எழுதி, ஒவ்வொரு வரியாக டிக் செய்துகொண்டே வர வேண்டும். வித்தியாசம் பூஜ்யம் ஆகும்வரை விடாது. இப்படித்தான் ஒரு பார்ட்டி கொடுத்த செக் இரண்டு முறை திரும்பியதற்காக என் கணக்கில் 590, 590 என்று பிடித்திருப்பது தெரிந்தது. செக் கொடுத்தது அவர், திரும்பியதற்குப் பணம் கட்டியது நான்.

அந்தப் பார்ட்டியிடம் போன கதையையும் சொல்கிறேன். அவர்கள் கணக்கில் எங்களுக்குத் தர வேண்டியது 38,000. எங்கள் கணக்கில் 61,000. முன்பெல்லாம் இப்படி ஒரு வித்தியாசம் வந்தால் அவர்கள் சொல்வதுதான் கணக்கு. இந்தமுறை குனுகேஷில் பாக்கியின் வயதைக் காட்டும் அறிக்கையை அச்செடுத்துப் போனேன். 30 நாளுக்குள், 60 நாளுக்குள், 90 நாளுக்குள், அதற்கும் மேல் என்று கட்டம் கட்டமாக வரும். பக்கத்தில் சலான் நம்பர்களை நானே கையால் எழுதினேன். மேனேஜர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்களுக்கு ஆடிட்டர் யாருங்க?" என்றார். குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. அதைச் சொல்லலாம் என்று போகும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன், சொல்லவில்லை. அடுத்த மாதமும் அவர்களிடம்தானே வேலை வாங்க வேண்டும். 61,000-ம் வந்தது, இரண்டு தவணையாக.

தீபாவளி போனஸுக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். வாரச் சம்பளம் ஏறக்குறைய 15,000. அதில் 8.33 சதவீதம் என்றால் 1,250. சனிக்கிழமைதோறும் அந்த 1,250-ஐப் போனஸ் பாக்கி என்ற கடன் தலைப்பில் தானாக எழுதும்படி அட்டவணை போட்டுவைத்திருக்கிறேன். கணினியைத் திறந்ததும், இந்த வாரப் பதிவைச் சேர்க்கவா என்று ஒரு பெட்டி வந்து கேட்கும். 52 வாரம் சேர்ந்தால் 65,000. முன்பு ஐப்பசி பிறந்தால் நகையை எடுத்துக்கொண்டு அடகுக்கடைக்கு ஓடுவேன். இப்போதும் ஒரு வருஷம் ஓடினேன், அது வேறு செலவுக்கு.

குறை இல்லாமல் இல்லை. சரக்கு இருப்புக் கணக்கு அதில் கிடையாது. மளிகைக்கடை, ஜவுளிக்கடை வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய குறை. கூலி வேலை செய்கிற எனக்குப் பிரச்சினை இல்லை. ஜி.எஸ்.டி. ரிட்டர்னைத் தானாகத் தயாரித்துத் தராது. சம்பளப் பட்டியல் போடாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறந்து எழுத முடியாது. எழுதிய பதிவைப் பின்னால் போய்த் திருத்திவிடலாம் என்பது எனக்கு வசதி, ஆனால் பதிவு பெற்ற கம்பெனிகளுக்கு ஆகாது. யார் எப்போது திருத்தினார்கள் என்ற தடயத்தை அழிக்க முடியாதபடி காக்கும் மென்பொருளைத்தான் கம்பெனிகள் பயன்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் விதி இருக்கிறது. என்னைப்போல ஒற்றை ஆள் தொழிலுக்கு அந்த விதி இல்லை. மின்சாரம் போனால் என் மடிக்கணினி அப்படியே அணைந்துவிடும். மறுபடி திறக்கும்போது, இந்தக் கோப்பை வேறு யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள், பூட்டு இருக்கிறது என்று ஒரு எச்சரிக்கை வரும். முதல்முறை பயந்து அக்கா மகனுக்கு ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்தேன். பரவாயில்லை திறங்க சித்தி என்றான். அதோடு ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் தேதி நேரம் போட்டு ஒரு பழைய பிரதியை அதே இடத்தில் விட்டுவைக்கும். திறந்து பார்த்தால் கோழி முட்டையிட்டதுபோலக் கோப்புகளாகக் கிடக்கும். ஒருமுறை கணக்கு எல்லாம் போன எனக்கு அது அழகாகவே தெரிகிறது. வாரம் ஒருமுறை பென் டிரைவிலும் ஒன்றை எடுத்து அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்கிறேன்.

இன்னொன்று. கணக்கு மென்பொருள் விற்கும் கம்பெனி நாளைக்கு மூட்டை கட்டினால் நம் கணக்கு என்னவாகும்? குவிக்புக்ஸ் உலகம் முழுக்கப் பெயர் பெற்றது, இந்தியாவில் அதன் சேவை 2023-ல் நின்றுபோனது. குனுகேஷ் கோப்பு என் கணினியில் இருக்கிறது, அதன் அமைப்பும் ஒளிவுமறைவு இல்லாதது. அதைச் செய்கிறவர்கள் எல்லோரும் நாளைக்கே வேலையை விட்டுப் போனாலும், இன்று என்னிடம் இருக்கும் பிரதி ஓடும்.

இனி வெட்ட வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்ட பகுதி.

என் மகள் இந்த வருஷம் பிளஸ் டூ, வணிகவியல் பிரிவு, தமிழ் வழி. அவளுடைய கணக்குப்பதிவியல் புத்தகத்தை ஒருநாள் புரட்டினேன். முதல் பாடம் முழுமை பெறாத பதிவேடுகளிலிருந்து கணக்கு தயாரிப்பது. சிரிப்பு வந்துவிட்டது. அவள் அப்பாவின் சட்டைப் பையை அப்படியே பாடமாக வைத்திருக்கிறார்கள். பத்தாவது பாடம், அதாவது கடைசிப் பாடம், கணினிமயக் கணக்கியல், டேலி என்கிற விலைக்கு விற்கும் கணக்கு மென்பொருளை வைத்து. டேலி கெட்டது என்று நான் சொல்லவரவில்லை. திருப்பூரில் கணக்கு வேலைக்குப் போனால் முதல் கேள்வியே டேலி தெரியுமா என்பதுதான், என் கணக்கைப் பார்க்கும் ஆடிட்டர் ஆபீஸிலும் அதைத்தான் கேட்டார்கள். அந்தப் பாடம் இருக்கட்டும். ஆனால் என் மகள் அதைக் கணினியைத் தொடாமலே படித்து முடித்தாள். எந்த விசையை அழுத்தினால் என்ன திறக்கும் என்று மனப்பாடம். அவள் பள்ளியில் இருக்கும் கணினிகள் கணினி அறிவியல் பிரிவுக்கே போதவில்லை. வீட்டில் பழகலாம் என்றால் உரிமத்துக்குப் பணம் கட்ட வேண்டும். பணம் கட்டாமல், பழகுவதற்கென்று அதில் இருக்கும் 'கல்வி முறை'யில் திறக்கலாம், ஆனால் அதில் மாதத்தில் 1, 2, 31 போன்ற சில தேதிகளில் மட்டுமே பதிவு போட முடியும். புத்தகத்தில் இருக்கும் பயிற்சிக் கணக்குக்கு அது போதும். எங்கள் சனிக்கிழமை பட்டுவாடாவுக்குப் போதாது.

ஒருநாள் அவளை என் மடிக்கணினியில் உட்காரவைத்தேன். வங்கிக் கணக்கைத் திறந்தாள். பணம் வந்தால் ஒரு பத்தி, போனால் ஒரு பத்தி என்று சாதாரண வார்த்தையில் தலைப்பு இருக்கும். அமைப்பில் ஒரு டிக் போட்டால் அதையே பற்று, வரவு என்ற கணக்கியல் தலைப்பாக மாற்றிக்கொள்ளலாம். மாற்றினாள். பார்ட்டி அனுப்பிய 23,000 பற்று பத்தியில் நின்றது. "அம்மா, இது தப்பு, பணம் வந்தால் பேங்க் புத்தகத்தில் வரவு என்றுதானே போட்டிருக்கும்?" என்றாள். புத்தகத்தையும் எடுத்து வந்தாள். இரண்டு பேரும் அரைமணி நேரம் மல்லுக்கு நின்றோம். கடைசியில் அவளே சொன்னாள். பேங்க் புத்தகம் பேங்கோட கணக்கு. நம்ம பணம் அவங்களுக்குக் கடன், அதனால் அவங்க வரவு வைக்கிறாங்க. நமக்கு அது சொத்து, அதனால் பற்று. இரண்டு வருஷம் விதியை ஒப்பித்தவளுக்கு அன்றைக்குத்தான் அது விளங்கியது. எனக்கும் அன்றைக்குத்தான் விளங்கியது என்பதை அவளிடம் சொல்லவில்லை.

பாடநூலைத் திருத்தும் பொறுப்பில் இருப்பவர்கள் உங்கள் நாளிதழைப் படிப்பார்கள் என்று நம்பிக் கேட்கிறேன். பத்தாவது பாடத்தில் டேலிக்குப் பக்கத்திலேயே பத்துப் பக்கம் குனுகேஷுக்கு ஒதுக்குங்கள். அதுவே வேண்டும் என்றுகூட இல்லை, வீட்டுக் கணக்குக்கு ஹோம்பேங்க், கே மை மணி என்று இன்னும் எளிதாக இருக்கிற கட்டற்ற மென்பொருள்களும் உண்டு. பிள்ளை பள்ளியில் பழகியதை வீட்டுக்கு எடுத்துவந்து, அப்பாவின் இஸ்திரிக் கடைக்கோ அம்மாவின் இட்லிக் கடைக்கோ ஒரு மாதக் கணக்கு எழுதிக் காட்டட்டும். அகமதிப்பீட்டுக்குத் தரும் மதிப்பெண்ணில் அதற்கும் இரண்டு மதிப்பெண் கொடுங்கள். அரசுப் பள்ளியின் பதினொன்றாம் வகுப்புக் கணினிப் புத்தகத்தில் உபுண்டுவும் ஓப்பன் ஆபீஸும் ஏற்கெனவே பாடமாக இருக்கின்றன. கட்டற்ற மென்பொருள் கணினிப் பிரிவுக்கு ஆகும் என்றால் வணிகவியல் பிரிவுக்கு ஏன் ஆகாது?

குனுகேஷுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அதைத் திருத்தி அனுப்பலாம் என்பதால், பேரேடு, இருப்பாய்வு என்று பாடநூலில் இருக்கும் சொல்லே திரையிலும் வரும்படி வணிகவியல் ஆசிரியர்கள் நாலு பேர் ஒரு கோடை விடுமுறையில் உட்கார்ந்தால் முடித்துவிடலாம். அரசாங்கத்துக்கு அதில் ஒரு பைசா செலவு இல்லை, அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பதைத் தவிர.

எழுத இன்னும் இருக்கிறது. இன்று சனிக்கிழமை, ஐந்து பேரும் பட்டுவாடாவுக்கு நிற்கிறார்கள். 1,250-ஐச் சேர்க்கவா என்று அந்தப் பெட்டியும் திரையில் காத்துக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அங்கேரிபாளையம், திருப்பூர்.